முன்பாயின் நடுக்கட்டு

பதினோரு நாளாகக் கப்பல் நங்கூரத்தில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. எழுபத்து நாலு பீரங்கி, அறுநூறு ஆள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கரை கண்ணெதிரே. ஒருத்தனையும் இறங்க விடவில்லை, இறங்கினால் ஓடிவிடுவார்களாம். நாலு வருஷம் கடலில் போட்டு வாட்டினால் ஓடாமல் என்ன செய்வார்கள்? மாலுமி ஜேபஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் கிளம்பியபோது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது மூணு வயசு. இன்னும் முகம் பார்க்கவில்லை.

எழுத்து தெரிந்த ஒருத்தனைப் பிடித்து மனைவி தமசினுக்குக் கடிதம் போட்டிருந்தான். "பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் படகுல வா. கப்பல்ல ஏற விடலைன்னாலும் அண்ணாந்து பாரு. முன்பாய்மரத்துக் குறுக்குக்கட்டையில, கப்பலுக்கு வலதுபக்கக் கோடியில நிப்பேன். அது என் இடம், வேற எவனும் நிக்க மாட்டான்."

அன்று காலை காற்று திரும்பியது. முன்பாயை அவிழ்க்கச் சொல்லி லெப்டினன்ட் உத்தரவு போட்டார். அந்தப் பாய் விழுந்தால் கப்பல் கிளம்புகிறது என்று அர்த்தம். பார்த்த மாத்திரத்தில் படகுக்காரர்கள் பாதி வழியிலேயே திருப்பிவிடுவார்கள்.

மரத்தில் ஏறிய ஜேபஸ் பார்த்தான். கப்பலுக்கு முன்னால், தூரத்தில் ஒரு படகு. அதில் சிவப்புச் சால்வை, அவன் வாங்கிக் கொடுத்தது. குறுக்குக்கட்டையோடு சுருட்டிக் கட்டிய பாயில் கோடிக் கட்டுகளை முதலில் அவிழ்ப்பார்கள், நடுக்கட்டு கடைசி. அது அவிழாமல் பாய் விழாது.

"நெட், என் இடத்துக்கு நீ போ. நடுவை நான் பாத்துக்கிறேன்."

கூட்டாளி நெட் படகையும் பார்த்தான், அவனையும் பார்த்தான். "முதுகுத்தோல உரிச்சிருவாங்க மச்சான்."

"என் முதுகுதானே. போடா."

மற்ற கட்டெல்லாம் அவிழ்ந்தாயிற்று. நடுக்கட்டு அவிழவில்லை. அவிழ்க்கிற மாதிரி அவன் இன்னும் இறுக்கிக்கொண்டல்லவா இருந்தான்.

"மேல என்ன, தூக்கமா?" என்றார் லெப்டினன்ட் கீழிருந்து.

"நனைஞ்சு இறுகிப் போச்சுங்க ஐயா."

"பன்னிரண்டு கசையடி உனக்கு. இன்னும் இழுத்தா இருபத்துநாலு." கட்டை அறுக்கக் கத்தியோடு ஒருத்தனை மேலே ஏற்றினார்.

இருபத்துநாலே இருக்கட்டும் என்று ஜேபஸ் படகையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தேவிட்டது. தமசின் எழுந்து பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள். பொம்பளைப் பிள்ளை. கையில் ரொட்டித்துண்டு. காது ரெண்டும் அவனுடையது போலவே விடைத்துக்கொண்டு நின்றது, பாவம்.

தமசின் விரல் நீட்டிக் காட்டினாள், வலதுபக்கக் கோடியை. பிள்ளை நெட்டைப் பார்த்துக் கையாட்டியது.

அப்போதுதான் ஜேபஸுக்கு உறைத்தது. தன் இடத்தைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறான் முட்டாள். கீழிருந்து பார்த்தால் வானத்துக்கு எதிரே எல்லாரும் ஒரே மாதிரிதான். இவன் கையாட்டினால் யாரோ ஒருத்தன் என்றுதான் நினைப்பார்கள்; கத்தினாலும் எதிர்க்காற்று குரலைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும்.

"என்னையத்தான் பாக்குது," என்றான் நெட். "என்னடா செய்ய?"

கத்திக்காரன் பக்கத்தில் வந்துவிட்டான்.

"கைய ஆட்டுடா," என்றான் ஜேபஸ். "சிரிச்சுக்கிட்டே ஆட்டு. அப்பன் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான்னு நினைச்சுக்கப் போவுது."

நெட்டுக்கு முன்பல் ரெண்டு கிடையாது. ஆனாலும் வாய் நிறையச் சிரித்து ஆட்டினான். பிள்ளை அம்மா கையில் துள்ளியது.

ஜேபஸ் முடிச்சை உருவினான். பாய் விழுந்து படகை மறைத்தது.