நடுத்தெருவில் நின்ற ஆள்

யோகேந்திரனுக்குப் பந்து விளையாட்டு வராது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூட மைதானத்திலும் வந்ததில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிய வயதில், கண்டி மடவளை வீதியில் ஒரு மாடியறையில், டீவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து ஜோய்ஸ்டிக்கை அமத்தும்போதும் வரவில்லை. திரையில் அவனுடைய ஆட்கள் பந்தைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்குவார்கள். நண்பன் முனாபின் ஆட்கள் சிட்டாய்ப் பறந்து வந்து கோல் போட்டுவிட்டுப் புல்லில் சறுக்கி விழுந்து கொண்டாடுவார்கள்.

"பந்த அங்கால அடிங்களே யோகன்! ஏன் திருப்பித் திருப்பி ஒங்கட கோல் பக்கமே கொண்டு போறீங்க?" என்று முனாப் தலையில் அடித்துக்கொள்வான்.

"அங்கால அடிச்சா நீர் பறிச்சுப்போடுவீர். இஞ்ச வச்சிருந்தா கொஞ்ச நேரமெண்டாலும் என்னட்ட நிக்கும்."

அந்த அறை முனாபின் மாமாவுடையது. மாமா குடும்பத்தோடு கொழும்புக்குப் போனபிறகு, கீழ்வீட்டை முனாப் தன் செருப்புக் கடைக்குச் சாமான் அறையாக்கிக்கொண்டு, மேலறையில் யோகேந்திரனைக் குடிவைத்தான். யோகேந்திரன் பேராதனையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். மனைவி கமலாசனி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை, மகளும் அவளோடுதான். முன்பெல்லாம் லீவு கிடைத்த உடனே பஸ் ஏறிப் போய்விடுவான். சண்டை மறுபடி மூண்டு வடக்குப் பாதையை மூடியபிறகு அந்த வழி போயிற்று. யாழ்ப்பாணம் போகிற கப்பலுக்கு அனுமதி வந்தால் லீவு இருக்காது. லீவு கிடைத்தால் அனுமதி வராது. முதல் வருஷம் ஓடித் திரிந்தான். அடுத்த வருஷம் ஓட்டம் தானாகவே குறைந்தது. கந்தோர், பஸ், சோதனைச் சாவடி, அறை, ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் என்று நாட்கள் நடந்துகொண்டிருந்தன.

பிளேஸ்டேஷனைக் கட்டாரிலிருந்து வந்த தம்பி முனாபுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டில் வைத்தால் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாது என்று முனாபின் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் அந்தக் கறுப்புப் பெட்டி யோகேந்திரனின் அறைக்கு வந்து சேர்ந்தது. ஒங்கட தனிமைக்கு நல்ல மருந்து என்று சொல்லித்தான் முனாப் கொண்டுவந்தான். ஆனால் மருந்து அவனுக்கும் தேவைப்பட்டது. செருப்பு வாங்க வருகிறவர்களைவிட, கடைவாசலில் நின்று எங்கே யாரைப் பிடித்தார்கள் என்று கதைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அப்போது அதிகம். கேட்டுக் கேட்டே களைத்துப்போவான். பிற்பகலில் கடையைப் பெடியன்களிடம் விட்டுவிட்டு மாடிப்படி ஏறி வருவான்.

யோகேந்திரனுக்குக் கொஞ்சமாவது பிடித்தது கார் விளையாட்டு. அதிலும் போட்டி போடப் பிடிக்காது. கடற்கரை ஓரமாகப் போகும் ஒரு வீதி அதில் இருந்தது. மற்றக் கார்களெல்லாம் சீறிக்கொண்டு போக, அவன் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அலை வந்து போகிற சத்தமும் மெல்லக் கேட்கும்.

"காரையெல்லாம் இப்படி நிப்பாட்டி வெச்சா எப்படி? நேரம் முடியப்போவுது!"

"முடியட்டும். உதில செக்பொயின்ற் ஒண்டு இருக்கெல்லே, அதைத் தாண்டினா இன்னும் நேரம் தருவாங்கள். எங்கட செக்பொயின்றில இருக்கிற நேரத்தைத்தான் பறிக்கிறாங்கள்."

முனாப் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பை நடுவிலேயே நிறுத்திக்கொண்டான்.

ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு முனாப் புது டிஸ்க் ஒன்றோடு வந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இது சண்ட வெளயாட்டு. படம் மாதிரியே ஈக்குதாம். ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல நின்டு அடிக்கேலும்."

"சண்டை வேண்டாம் முனாப். வெளியில நடக்கிறது காணாதே?"

"இது வேற எங்கயோ நாட்டுச் சண்ட. ஒரே ஒரு தடவ, எனக்காக."

எனக்காக என்று அவன் கேட்டால் யோகேந்திரனால் மறுக்க முடியாது. பிளேஸ்டேஷனில் டிஸ்க் சுழன்றது. இடிந்த வீடுகளும் மண்மூட்டைகளும் எரிந்த லொறிகளுமாக ஒரு தெரு திரையில் விரிந்தது. யோகேந்திரன் அதைப் பார்த்ததும் ஜோய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டான். அப்படியொரு தெருவில் அவன் ஒருகாலத்தில் சைக்கிள் ஓட்டிப் போயிருக்கிறான். ஆனாலும் முனாப் உற்சாகமாகச் சுட்டுக்கொண்டிருந்ததால் எழுந்து போகவில்லை. தகரத்தில் விழுகிற மழையில் ஒன்றும் கேட்கவில்லை என்று முனாப் சத்தத்தை ஏற்றினான். மேலும் ஏற்றினான்.

மழை திடீரென்று நின்றது. சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. தெரு அமைதியாகிவிட்டது, மேல்மாடி ஜன்னலிலிருந்து துவக்குச் சூடு மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது.

படியில் சப்பாத்துக் கால்கள் தடதடவென்று ஏறுகிற சத்தம் கேட்டபோதுதான் யோகேந்திரன் திரும்பிப் பார்த்தான். கதவு உதைபட்டுத் திறந்தது. உள்ளே நுழைந்த இரண்டு பொலிஸ்காரர்களின் துவக்குகளும் பாயில் உட்கார்ந்திருந்தவர்களை நோக்கியே நீண்டிருந்தன. திரையில் முனாபின் ஆள் யாரும் இயக்காமல் நின்று, குண்டு பட்டுச் சாய்ந்தான்.

"மொகத மே?" என்ன இது என்று கேட்டான் முன்னால் நின்றவன். அவன் கால் நுனி பிளேஸ்டேஷனைக் காட்டியது. கறுப்புப் பெட்டி, அதிலிருந்து வயர்கள், வயர்களின் முனையில் பொத்தான் பொத்தானாக ஏதோ. யோகேந்திரனும் அதை அப்போது அந்த மனிதனின் கண்ணால் பார்த்தான்.

முனாப் சிங்களத்தில் மளமளவென்று விளக்கினான். அவனுக்கு அந்தப் பக்கத்தில் தெரியாத ஆளில்லை. கேட்டுக்கொண்டிருந்தவனின் முகம் இளகவும் தொடங்கியது. அதற்குள் கூட வந்த இளம் கான்ஸ்டபிள் யோகேந்திரனின் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி. அதை மற்றவனிடம் நீட்டினான்.

"முதலாளி, நீங்கள் வீட்டுக்குப் போகலாம். இவரும் இந்தப் பெட்டியும் வரவேண்டும்."

"பெட்டி என்னுடையது," என்றான் முனாப். "அப்படியென்றால் நானும் வருகிறேன்."

"நீர் போம் முனாப்," என்று யோகேந்திரன் தமிழில் மெல்லச் சொன்னான். "மனிசி பிள்ளைகள் தேடுவினம்."

"சும்மா இரிங்க," என்றான் முனாப். அவ்வளவுதான்.

பொலிஸ் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் வரும்வரை மர வாங்கில் உட்காரவைத்தார்கள். வந்தவர் வயதானவர், கண் சிவந்து, தூக்கம் கெட்ட முகம். பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். யோகேந்திரனிடம் கந்தோரைப் பற்றி, மனைவியைப் பற்றி, ஏன் கண்டியில் இருக்கிறான் என்பது பற்றி அதே கேள்விகளைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். எத்தனையோ இடத்தில் சொன்ன பதில்களை யோகேந்திரன் மறுபடி சொன்னான். கடைசியில் அவர் மூலையில் இருந்த டீவியைக் காட்டினார்.

"போட்டுக் காட்டு."

முனாப் வயரை மாட்டினான். அதே தெரு வந்தது. முனாப் விளையாடத் தொடங்கியதும் சப்-இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார். "நீ வேண்டாம். அவர் விளையாடட்டும்."

யோகேந்திரனின் கையில் ஜோய்ஸ்டிக் வந்தது. சுற்றிலும் காக்கிச் சட்டைகள். சரியாகச் சுட்டால், எங்கே பழகினாய் என்று கேட்பார்கள். குறி தவறினால், ஏன் நடிக்கிறாய் என்பார்கள். எந்தப் பொத்தான் சுடுவது என்பதே அவனுக்கு நினைவில்லை. யாரிடமும் கேட்கவும் மனம் வரவில்லை. மண்மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்த தன் ஆளை எழுப்பி நடத்திக்கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்தினான். நாலு பக்கமிருந்தும் குண்டுகள் வந்தன. ஆள் விழுந்தான்.

ஒருவன் சிரித்தான். "ஆயெத்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மறுபடியும்.

மறுபடியும் ஆளை நடுத்தெருவுக்குக் கொண்டுபோனான். மறுபடியும் விழுந்தான். இம்முறை எல்லோருமே சிரித்தார்கள். மூன்றாம் தடவை, விழுவதற்கு முன்பே சிரிப்புக் கிளம்பிவிட்டது.

"இவரை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் வெல்லாது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவருடைய தூக்கம் கெட்ட முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. யோகேந்திரனும் சிரித்தான். தன் வாயிலிருந்து அந்தச் சிரிப்பு வெளியே வந்ததைக் கேட்டபோது, அவனுக்கு உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் வடிந்துபோனது மாதிரி இருந்தது.

இளம் கான்ஸ்டபிள் வந்து பக்கத்தில் குந்தி, ஒரு முறை தந்து பாருங்கள் என்று மரியாதையாகவே கேட்டான். யோகேந்திரன் கொடுத்துவிட்டு எழுந்தான். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டி இங்கேயே இருக்கட்டும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். முனாப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யோகேந்திரன் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு முனாப் கேட்டான்: "நீங்க வேணுமின்டே தானே போய் நின்டீங்க?"

"தெரியாது முனாப். பதுங்கியிருக்கக் களைப்பா இருந்தது."

"என்னாலதானே இவ்வளவும். நான்தானே சத்தத்தக் கூட்டினது."

"விடும். மழையில்லையெண்டா நீரும் கூட்டியிருக்கமாட்டீர்."

அன்று கமலாசனியின் அழைப்பு தவறிப்போயிற்று. அடுத்த ஞாயிறு அவள் குரல் கரகரத்துக்கொண்டு வந்தது. "போன கிழமை எடுத்தனான், நீங்கள் எடுக்கேல்லை. என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"முனாப்போட விளையாடிக்கொண்டு இருந்திட்டன்."

"இந்த வயசிலயோ? கொழுப்புத்தான்." அவள் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல் யோகேந்திரன், ஓம், ஓம் என்று மட்டும் சொன்னான்.

பெட்டி இல்லாமலும் முனாப் பிற்பகல்களில் வந்தான். வந்து கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். பொலிஸ் நிலையத்துக்கும் விடாமல் போய்வந்தான். நாளைக்கு வா, பெரியவர் இல்லை, இன்னும் சோதித்து முடியவில்லை என்று ஏதாவது சொல்லி அனுப்பினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த இளம் கான்ஸ்டபிள்தான் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருப்பானாம்.

"போகாதேயும். அது போனாப் போகட்டும்," என்று யோகேந்திரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"என்ட சாமான். நான் கேக்காட்டி வேற யாரு கேக்குற?"

ஒரு மாதத்துக்குமேல் ஆனபிறகு ஒருநாள் முனாப் செருப்புப் பெட்டி அடைக்கிற மட்டையில் பிளேஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு படியேறி வந்தான். முகத்தில் வெற்றிக்களை இல்லை.

"குடுத்திட்டாங்களோ?"

"அந்தப் பெரியவரே கூப்பிட்டுக் குடுத்தார். அந்தப் பொடியன சண்ட நடக்குற பக்கம், வவுனியாவுக்கு மாத்திட்டாங்களாம். இனி இத யாரு வெளயாடுற, கொண்டு போ என்டார்."

யோகேந்திரனுக்கு, பக்கத்தில் குந்தி மரியாதையாகக் கேட்ட அந்த முகம் நினைவுக்கு வந்தது. அவன்மேல் கோபப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து பாயை விரித்தான்.

"சண்டை டிஸ்க் எங்க?"

"அத அங்கேயே வெச்சிட்டு வந்துட்டேன். பந்துதான் ஈக்குது."

பந்தையே போட்டார்கள். முனாப் டீவியின் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தான். மைதானம் நிறைய ஆட்கள் வாய் திறந்து கத்தினார்கள்; ஒரு சத்தமும் இல்லை. முனாப் கோல் போட்டான், இன்னொன்றும் போட்டான். தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. யோகேந்திரன் பந்தைத் தன் கோல் பக்கமே வைத்துக்கொண்டு நின்றான். முனாபும் பறிக்க வரவில்லை. பார்த்தால் முனாபின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. ஜோய்ஸ்டிக் மடியில் கிடந்தது. வாய் இலேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

யோகேந்திரன் தன் தலையணையை எடுத்து அவன் கழுத்துக்குப் பின்னால் மெல்லச் செருகினான். பிறகு அவனும் பாயின் மறுபாதியில் காலை நீட்டிப் படுத்தான். வெளியே கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. திரையில் ஆட்டம் முடிந்து, அடுத்த ஆட்டம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றது. அதற்குப் பதில் சொல்ல அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.