கவிழ்த்துப் போட்ட ஃப்ளெக்ஸ்

அன்று எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தவர்கள்: நான், என் தம்பி முஸ்தகீமின் மகன் வசீம், தம்பியின் சிநேகிதன் லோடு ஆட்டோ அழகேசன். தம்பியின் மனைவி வஹீதுன்னிசா, கணவன் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நின்றாள். அவள் குரல் மட்டும் வெளியே வந்தது. வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிறகு கேள்விப்பட்டவர்கள்.

மறுநாள் தம்பிக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. பூந்தமல்லியில் நாங்கள் பிரியாணி ஆக்கும் குடும்பம். யார் வீட்டு விசேஷமானாலும் சவுக்கு விறகில்தான் ஆக்குவோம். எங்கள் பிரியாணி தேக்சா கேஸ் அடுப்பில் ஏறியதில்லை. தம்பியின் பெயரால் போடும் சோறு கேஸில் வெந்தால், அதற்குப் பிறகு நான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இதுகூட எனக்கு யாரோ சொன்ன தகவல் போலத்தான் இருந்தது. அவனை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து எல்லாமே அப்படித்தான்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

விறகைக் காப்பதற்குத் தம்பி செலவு செய்ததே இல்லை. அம்பத்தூர் கம்பெனிகளில் கழித்துப் போடும் மரப் பேலட்டுகளை உடைந்த ஹாலோ பிளாக்குகளின் மேல் வைப்பான். தரையின் ஈரம் ஏறாது. அதன்மேல் கட்டைகளைக் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்குவான். மேலே ஒரு பழைய ஃப்ளெக்ஸ், தண்ணீர் வழியும்படி ஒரு பக்கம் சரிவாக. சுற்றிலும் திறந்தே இருக்கும்.

அந்தப் பழைய ஃப்ளெக்ஸ் வெயிலில் நைந்து கிழிந்துவிட்டது. வசீம் அதை எறிந்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் அடுக்கை அடி முதல் உச்சி வரை இறுக்கிச் சுற்றியிருந்தான். உள்ளே வேர்த்து, தாளில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

"விறகை அவிக்கிறியா?" என்றேன்.

"நனையக் கூடாதுன்னுதான் பெரியத்தா..."

தாளை அரிவாளால் கிழித்து எடுத்தேன். இப்போது மேலே மூட ஒன்றும் இல்லை.

அழகேசன் ஆட்டோவிலிருந்து ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாய், இது கீது. புத்தம் புதுசு. முனிசிபாலிட்டிக்காரன் அவுத்துட சொல்லிட்டான்."

விரித்தான். கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் தம்பி. இறந்தவர் படத்தை வைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தெருமுனையில் அவன் கூட்டாளிகள் இதைக் கட்டியபோதே சொல்லியிருந்தேன்.

"மடிச்சு வை. என் தம்பி விறகு மூடுற துணி இல்ல."

"அப்ப நனையட்டும். நாளிக்கு நான் சிலிண்டர் எட்தாறேன். வேற இன்னா பண்றது பாய்?"

முதல் துளிகள் பேலட்டில் விழுந்தன.

"படம் வெளிய தெரியறதுதானே வேணாங்கறீங்க பெரியத்தா? கவுத்துப் போட்டுடலாம்," என்றான் வசீம்.

"டேய், கட்ட அவன் மூஞ்சிலயே குத்தும்டா!" என்றான் அழகேசன்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "குத்தட்டும். மத்தியானம் சாப்பிட்டா அந்த வெறகு மேலதானே படுத்துக் கெடப்பாரு. பெரிய மச்சான், போடச் சொல்லுங்க."

"கரெக்டு அண்ணி. கொறட்ட வேற வுடுவான்," என்று அழகேசன் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

நான் ஒரு முனையைப் பிடித்தேன். தம்பியின் முகம் கீழே போயிற்று. வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. சரிவு சரியாக இருக்கிறதா, முனைகளில் வைத்த செங்கல் நகருமா என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

மாலை முழுதும் மழை கொட்டியது.

காலையில் ஃப்ளெக்ஸை எடுத்தபோது கட்டைகள் ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஓசை கேட்கும்படி இருந்தன. சவுக்குப் பட்டை உரசித் தம்பியின் நெற்றியில் வெள்ளையாகக் கோடுகள் விழுந்திருந்தன. வஹீதுன்னிசா அந்த ஃப்ளெக்ஸைக் கேட்டாள். மடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

அடுப்பு உடனே பற்றிக்கொண்டது. எதிரே புதிதாக வந்திருக்கும் ஃப்ளாட்டுகளின் பால்கனியில் சிலர் நின்று பார்த்தார்கள். சோறு குறையில்லாமல் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

புகையே எழவில்லை, அதனால் அந்த வீட்டில் கேஸில்தான் ஆக்கினார்கள் என்று அந்த ஃப்ளாட்டுகளில் கிளம்பிய பேச்சு காட்டுப்பாக்கம் வரை போயிருக்கிறது. கேஸ் இல்லை. சவுக்கு. காய்ந்திருந்தது.