அண்ணன் அனுப்பிய மண்

சந்தவாசலில் சசிகலாவின் வயலுக்கு, சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த அண்ணன் தனக்கோடி, ஏரி வண்டல் என்று சொல்லி டிராக்டரில் மண் அனுப்பினான், கண்ணுகளா. நெல் செழித்தது. அறுத்ததும் புது அரிசியை முதலில் ஆரணியில் அண்ணன் வீட்டுக்கே அனுப்புவாள். பிறந்த வீட்டு மரியாதை அல்லவா?

ஒருநாள் அங்கே போனபோது அவள் அனுப்பிய மூட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. அண்ணி கடை அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

“ஏன் அண்ணி, எங்க அரிசி உங்களுக்கு ஆவாதா?”

அண்ணி தயங்கினாள். “அது ஏரி மண்ணு இல்லம்மா. சுரங்கத்துல தாது கழுவுன சேறு. அதுல இருக்கிற ஈயம் அரிசியில ஏறிடுமாம். துன்னாதீங்கன்னு உங்க அண்ணன்தான் சொன்னாரு.”

சசிகலா வாசற்படியில் நின்ற அண்ணனிடம் திரும்பினாள். “எம் புள்ளைங்க அதைத்தானே துன்னுகினு இருக்குதுங்க?”

“கொட்ட எடம் கேட்டு மொதலாளி பேஜார் பண்ணிகினே இருந்தாரு, சசி...”

அவன் வீட்டுப் போனிலேயே கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, சோறு வடிச்சிட்டீங்களா? புள்ளைங்களுக்குப் போட்டுடாதீங்க.”