கூடம் கோணல்

டேப்லெட் திரையில் சாலை தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் இருந்தது. அதன் நடுவில் பொடி எழுத்தில், 'இந்தச் சாதனத்தில் இந்த பிளக்-இன் இயங்காது.' மாமனார் அதைச் சுட்டுவிரலால் நாலைந்து முறை குத்திப் பார்த்துவிட்டு மருமகளிடம் நீட்டினார்.

"நீதாம்மா பாக்கணும். எனக்கு இது பிடிபடல."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்கள் எல்லாரும் இணையத்தில் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று நிர்வாகம் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்று கடைசி நாள். இருபது சின்னப் படங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல் சாலை ஓடும். எங்காவது ஆபத்து தலைகாட்டினால் உடனே திரையைத் தொட வேண்டும். பதினாலு சரியாக வந்தால் தேர்ச்சி. மூன்று வாய்ப்பு. மற்றவர்கள் பணிமனையில் சூப்பர்வைசர் அறைக் கணினியிலேயே முடித்துவிட்டார்கள். இவர் மட்டும் வீட்டில் செய்துகொள்கிறேன் என்று வந்துவிட்டார். முப்பத்தோரு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்கப் பரீட்சை எழுத அவருக்குக் கூச்சம்.

மருமகள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் இணையத்தில் நிரப்பிக் கொடுப்பவள். அடம்பிடிக்கும் தளங்கள் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இது பழைய தளம். கணினிக்கென்றே செய்தது. அதில் படம் ஓட வேண்டுமானால் பிளக்-இன் என்ற துணை மென்பொருள் வேண்டும், அந்த பிளக்-இன்னோ டேப்லெட்டில் ஏறாது. வேறு பிரவுசர்களை இறக்கிப் பார்த்தாள். முதலாவது விளம்பரமாகக் கொட்டியது. இரண்டாவது திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மூன்றாவது வேறு மாதிரி. தளத்தை எங்கோ இருக்கும் ஒரு கணினியில் திறந்து, அங்கே ஓடுவதை இங்கே படமாக அனுப்பும். மூலையில் ஒரு மின்னல் குறி. அதைத் தொட்டதும் சாம்பல் கட்டம் கறுத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு சாலையாக விரிந்தது.

"படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும் மாமா. நீங்க தொடுறதும் லேட்டாதான் போய்ச் சேரும்."

"ஓடுதுல்ல. அது போதும்."

முதல் முறை ஒன்பது வந்தது. இரண்டாம் முறை பத்து.

"நான் சரியாத்தான் தொடுறேன். இது கொண்டு போய்ச் சேர்க்க மாட்டேங்குது," என்றார்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமல் சொன்னாள்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவரும் சிரித்துவிட்டார். மிச்சமிருக்கும் ஒரு வாய்ப்பைக் குளித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று எழுந்து போனார்.

எவ்வளவு தாமதம் என்று தெரிந்தால், அந்த அளவுக்கு முந்தித் தொடுங்கள் என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் மருமகள் பயிற்சிப் பகுதியைத் திறந்தாள். அதில் எத்தனை முறை எழுதினாலும் கணக்கில் வராது. அவளுக்குப் பதினாறு வந்தது. ஏதோ குருட்டாம்போக்கு என்று இன்னொரு தொகுப்பை எழுதினாள். பதினைந்து. அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. இரண்டு நாள் ஸ்கூட்டர் பழகி, பக்கத்து வீட்டு கேட்டில் மோதிவிட்டு அதோடு விட்டவள். அதே டேப்லெட், அதே தாமதம்.

அவர் எழுதியதைத் திறந்தாள். தவறவிட்ட படங்களை மறுபடி ஓட்டிப் பார்க்க முடிந்தது. நிறுத்தியிருந்த காரின் கதவு திறந்தது. ஒரு சைக்கிள் சந்திலிருந்து வந்தது. பந்து ஒன்று உருண்டது, அதன் பின்னால் ஒரு குழந்தை. ஐந்தாவது படத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தாமல் இருபத்தொன்றையும் பார்த்தாள். பத்தொன்பது இடப்பக்கத்திலிருந்து வந்தவை. வலப்பக்கம் வந்ததை எல்லாம் அவர் அவளைவிடச் சீக்கிரமாகத் தொட்டிருந்தார்.

போன வாரம் அவர் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, கதவு வைத்த தச்சரைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அன்று எல்லாருமே சிரித்தார்கள்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன். இந்தத் தடவ நீயே தொட்டுடும்மா. விரல் யாருதுன்னு அதுக்குத் தெரியவா போகுது?"

அவளால் முடியும். பத்தே நிமிட வேலை. நாளைக் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் வண்டி கிளம்பிவிடும். அவள் வேலைக்குப் போகிறேன் என்றபோது, வீட்டில் எல்லாரையும் சமாளித்து அனுப்பி வைத்தவர் இந்த மனிதர். ஒரு நாள்கூட அவர் அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

"மாமா, இப்படி எதிர்ல உக்காருங்க."

"எதுக்கு?"

"சும்மா. என் மூக்கையே பாருங்க. கண்ண அசைக்காதீங்க. என் கை தெரிஞ்சதும் சொல்லுங்க."

விளையாட்டென்று நினைத்து உட்கார்ந்தார். அவருடைய வலப்பக்கமாகக் கையை நன்றாக விரித்து, விரல்களை ஆட்டினாள். "இதோ தெரியுதே," என்றார். கையை இறக்கிவிட்டு, மறு பக்கத்திலிருந்து மற்றக் கையை மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். அவர் பேசவில்லை. தோளைத் தாண்டியது. காதருகே வந்தது.

"ஆரம்பிம்மா," என்றார்.

கன்னத்தைத் தொடும் அளவுக்கு விரல்கள் வந்தபோதுதான் அவர் முகம் மாறியது. அவரே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு முறை செய்யச் சொன்னார். பிறகு மற்றக் கண்ணை. இரண்டு கண்ணுக்குமே இடப்பக்கம் ஒரே மாதிரி மறைந்துதான் இருந்தது. நறுக்குவதை நிறுத்திவிட்டு மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எத்தன நாளா இப்படியிருக்கும்?" என்றார்.

"தெரியல மாமா. இன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடலாம்."

"நாப்பத்திரண்டு பிள்ளைங்க," என்றார். யாரிடமும் சொன்னது போலில்லை. பிறகு கைபேசியை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆள் போட்டுடுங்க சார்... இல்ல, ஒரு சான்ஸ் பாக்கி இருக்கு... டேப்லெட்டா? அது நல்லாத்தான் ஓடுது."

மாமியார் புடவை மாற்றப் போனாள். மருமகள் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, அவர் பயிற்சிப் படத்தை ஓடவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதையும் தொடவில்லை. பார்வையை நேரே சுவரில் நிறுத்திக்கொண்டு டேப்லெட்டை மட்டும், முழுத் திரையும் தெரியும் இடம் தேடுவதுபோல், மெல்ல வலப்பக்கம் தள்ளினார். இன்னும் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். அது மேசை விளிம்பைத் தாண்டிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கினாள். படத்தில் ஒரு பேருந்து நின்றது. அதன் மறைவிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாலையில் இறங்கினார்கள். சுவரைப் பார்த்தபடியே அவர் அவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.