சாமைப் பையின் கடவுச்சொல்

ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில் கோகிலவாணியின் கணினி நிலையம் சாலைக்கு இந்தப் பக்கம். அச்சு இயந்திரம் இருந்த அறை அந்தப் பக்கம். சாலைக்குக் குறுக்கே கம்பி இழுக்க வழியில்லாததால், இரு மடிக்கணினிகளையும் வைஃபை மூலம் நேருக்கு நேர் இணைத்திருந்தாள். இவள் இங்கே வரைவாள். உதவியாளர் ரம்யா அங்கே எடுத்து அச்சிடுவாள். அந்த வலைக்குக் கடவுச்சொல் வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இந்த மலைமீது யார் ஏறிவந்து திருடப் போகிறார்கள்?

குணசீலன் ஏறிவந்தான். கண்ணமங்கலத்துக்காரன், பக்கத்துக் கடையில் ஸ்டூடியோ வைத்தான். இவள் வரைந்த காதணி விழா பேனர், இவள் அச்சிடும் முன்பே அவன் வாசலில் தொங்கியது. தற்செயல் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால், அடுத்த பேனரில் இவள் அவசரத்தில் வரைய மறந்த மயிலின் இடக்கால் அவன் பேனரிலும் இல்லை.

அன்று மாலை தன் வலையைத் திறந்து பார்த்தாள். இணைந்திருக்கும் கருவிகள் இரண்டு என்றது திரை. ஒன்று ரம்யாவுடையது. மற்றது யாருடையது என்று கேட்பானேன்?

வந்த நேரமோ பொல்லாத நேரம். மலை உழவர் குழு தன் சாமை அரிசிப் பைக்கு வெள்ளிக்கிழமை படம் தேர்ந்தெடுக்க இருந்தது. யார் படம் தேறுகிறதோ அவர்களுக்கு ஆண்டு முழுவதும் அச்சு வேலை. தேறாவிட்டால் ரம்யாவை நிறுத்தியாக வேண்டும். அது கோகிலவாணிக்கும் தெரியும், ரம்யாவுக்கும் தெரியும்.

மறுநாள் காலை கோகிலவாணி முதல் வேலையாக வலையைப் பூட்டினாள். உடனே ரம்யாவின் இணைப்பு அறுந்தது. ரம்யா நெல்லிவாசல்நாட்டுப் பெண். அங்கே ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குக் குரல் கொடுத்தே பாதிக் குடும்பம் நடக்கும். இறங்கி ஏறிப் போய்ச் சேதி சொல்பவரை வேலையற்றவர் என்பார்கள். அவள் வாசலில் நின்று கைகளை வாயருகே குவித்தாள்.

“அக்கோவ்! பாஸ்வேர்ட் கேக்குது! இன்னா போட?”

கோகிலவாணியும் அதே மலையில் பிறந்தவள். யோசனைக்கு முன்னே குரல் எழுந்துவிட்டது.

“புளியமரம்! இங்கிலீஷ்ல! எல்லாம் சின்ன எழுத்து! அப்புறம் ரெண்டு, ஏழு!”

நடுவே ஒரு பேருந்து ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது.

“ரெண்டு, அப்புறம் இன்னாக்கா?”

டீக்கடைச் சின்னராசு பாய்லருக்குப் பின்னாலிருந்து துணைக்கு வந்தார். “ஏழாம், பாப்பா! ஏழு! எத்தினி வாட்டி கேப்ப?”

கோகிலவாணி நிறைந்த மனத்தோடு திரைக்குத் திரும்பினாள். இணைந்திருக்கும் கருவிகள்: இரண்டு. பூட்டை மாட்டிவிட்டு, சாவி இருக்குமிடத்தைத் தண்டோரா போட்டிருக்கிறாள்!

அழைத்ததும் ரம்யா சாலையைக் கடந்து ஓடிவந்தாள். “வேற மாத்திடுங்கக்கா. இந்தவாட்டி காதுல சொல்லுங்க.”

“மாத்தலாம்.” பக்கத்துக் கடைச் சுவரைப் பார்த்த கோகிலவாணியின் உதட்டோரம் மெல்லக் கோணியது. “ஆனா வூடு தேடி வந்த விருந்தாளிய ஏண்டி வெறுங்கையோட அனுப்பணும்?”

தங்கள் இரு கணினிகளுக்கும் புதுப் பெயரில் புது வலை அமைத்து, கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டி, ரம்யா மனப்பாடம் செய்ததும் கிழித்துப் போட்டாள். அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினிக்கோ பழைய வலையின் பெயரையும் புளியமரத்தையும் சூட்டினாள். அதில் ‘சாமைப் பை – இறுதி’ என்று ஒரு படத்தை வைத்தாள். பனி மூடிய மலை, பொன்னெழுத்து, நடுவே கொழுகொழுவென்று ஒரு தினைக் கதிர்.

“அக்கா, சாமைக்குத் தினையா? பச்சக் கொழந்த கூடக் கண்டுபுடிச்சிடுமே!”

“இங்கத்திக் கொழந்த கண்டுபுடிக்கும். அவன் ரெண்டையும் மூட்டையிலதான் பாத்திருப்பான்.”

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் குணசீலன் முந்திக்கொண்டு எழுந்து, பளபளக்கும் தாளைக் குழுத்தலைவி கெங்கம்மாளிடம் நீட்டினான். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது இன்னா தம்பி?”

“சாமைங்க. நல்லா முத்துன சாமை.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள்.

“நரி வாலு கணக்கா இருக்குது, தினை! இதப் பையில ஒட்டினா, வாங்கறவன் என்னை இல்ல ஏமாத்துக்காரின்னுவான்?”

குணசீலன் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான். “நான் வரையலைங்க! அவங்கதான் வேணும்னே இப்படி வரைஞ்சி வெச்சி…”

“எவங்க?”

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அதை மூடினால் தோல்வி. மேலே பேசினால் திருட்டு. அவன் மூடினான்.

கோகிலவாணி தன் தாளை விரித்தாள். கெங்கம்மாள் அதையும் எளிதில் விடவில்லை. விரலால் கதிரைத் தடவினார்.

“சாமைதான். ஆனா முத்துன கதிரு இப்பிடியா வெறப்பா நிக்கும்? தொங்க வுடு.”

“வுட்டுடறேங்க.”

“அப்போ அடிச்சிடு. எப்பத் தருவ?”

கோகிலவாணி திரும்பி ரம்யாவைப் பார்த்தாள்.

“திங்கக்கெழம தந்துடுவோங்க,” என்றாள் ரம்யா, அறைக்குள் எவ்வளவு தேவையோ அதைவிட மிகவும் சத்தமாக.