ஊர்ப் பெயர் இல்லாத அறிக்கை

தஜிக் எல்லையில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து இரண்டு கோடை கழிந்தபின் ஜிபாரா பாட்கென் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தாள். ஓஷ் நகரப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. இத்தனை கலவரத்துக்குப் பிறகும் சில சிறு தொழில்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன, சில ஏன் படுத்துவிட்டன என்று கண்டுபிடிக்க வேண்டும். பையில் நாற்பத்திரண்டு கேள்விகள் அச்சடித்து வைத்திருந்தாள்.

முதல் வாரம் எல்லோரும் தேநீர் ஊற்றினார்கள், ரொட்டி பிய்த்துக் கொடுத்தார்கள், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாவது வாரம் உல்ஜானின் பட்டறைக்குப் போனாள். பதினொரு பெண்கள் ஆப்ரிகாட் பழங்களைப் பிளந்து தட்டுகளில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையில் எரிந்த கூரைக்குப் பதில் புதுத் தகரம் மின்னியது. உல்ஜானுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"அக்கா, உங்க பயத்தை ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு எண்ணா சொல்ல முடியுமா?"

"காலைல இருக்கிற பயமா, சாயங்கால பயமா?" என்றாள் உல்ஜான், கத்தியை நிறுத்தாமல்.

"அவ வீட்டுக்கு மாமியார் வந்திருக்காங்க. ஆறுன்னு போட்டுக்க தங்கச்சி!" என்று மூலையிலிருந்து ஒருத்தி கத்த, பட்டறையே சிரித்தது.

ஜிபாராவும் சிரித்துவிட்டாள். கேள்வித் தாள்களைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு கத்தி குடுங்க" என்றாள்.

மூன்று நாள் பழம் பிளந்தாள். விரல் நுனிகள் பழுப்பேறின. நான்காவது நாள் உல்ஜான் தானாகப் பேசினாள்.

"போன வருஷமும் ஒருத்தன் வந்தான். நாங்க சொன்னதைப் பேரோட எழுதிட்டுப் போனான். அடுத்த மாசம் வேற ஒரு ஆளு வாசல்ல வந்து நின்னு, 'நீ ஏன் அப்படிச் சொன்ன?'ன்னு கேக்குறான்."

"நான் பேரும் எழுத மாட்டேன், ஊரும் எழுத மாட்டேன் அக்கா. குரல் பதிவை எழுத்தாக்கினதும் அழிச்சுடுவேன். இந்தத் தாள்ல அப்படித்தான் போட்டு, நான் கையெழுத்தும் வெச்சிருக்கேன்."

உல்ஜான் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக உதடசைத்துப் படித்தாள். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள்.

கால்வாய் தஜிக் பக்கமாக வளைந்துதான் இங்கே வருகிறது. அந்தப் பக்கம் மொஹிரா என்றொருத்தி இதே தொழில் செய்கிறாள். எந்தக் கிழமை யார் தண்ணீர் எடுப்பது என்று இருவரும் வாரா வாரம் தொலைபேசியில், இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த அரைகுறை உஸ்பெக்கில் பேசி முடிவு செய்வார்கள்.

"சண்டை வந்த அன்னிக்குக் காலைல அவதான் கூப்பிட்டா. 'சாமான் எதையும் எடுக்காத, பொம்பளைங்கள கூட்டிட்டுக் கிளம்பு'ன்னா. கூரை போச்சு. ஒரு உசிரும் போகல."

ஜிபாரா அதோடு நிற்கவில்லை. பதினாறு நாளில் இன்னும் ஆறு கிராமங்களுக்குப் போனாள். மறுபடி எழுந்து நின்ற பட்டறை ஒவ்வொன்றிலும், அந்தப் பக்கத்தோடு பேச்சை விடாத ஒருத்தி இருந்தாள். பேச்சு அறுந்த இடங்களில் பெரும்பாலும் கதவில் பூட்டுத்தான் தொங்கியது.

ஆய்வின் தலைவர் துராத்பெக் இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதுதாம்மா நம்ம அறிக்கையோட உயிர்! ஊர்ப் பேரு, ஒரு புகைப்படம், அந்த அம்மாவோட குரல் மூணும் வேணும்."

"தர முடியாது சார்."

"பேரை மாத்திப் போட்டுக்கலாம்."

"எந்தப் பேரு போட்டாலும், அந்த ஊர்ச் சந்தைல அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. அந்தப் பக்கத்தோட பேசுறதுக்கு அங்க துரோகம்னு பேரு."

"பதிவு பல்கலைக்கழகத்தோட சொத்து, தெரியும்ல?"

"பதிவு இல்ல சார். எழுதி முடிச்சதும் அழிச்சுட்டேன். நாம குடுத்த தாள்லயே அப்படித்தான் இருக்கு."

அவர் முகம் சிவந்தது. "அப்ப உன் பேரு அறிக்கைல இருக்காது."

ஆய்வுத் துறையில் ஆறு வருடம் உழைத்தவள் அவள். "எடுத்துடுங்க" என்றாள்.

அன்றே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதி, ஒப்புதல் தாளின் நகலையும் இணைத்து அனுப்பினாள். ஏழு கிராமங்களையும் ஒன்றாகக் கலந்து அத்தியாயத்தைத் திருத்தி எழுதினாள். பிறகு பேருந்து ஏறிப் பட்டறைக்கே போய், பெண்களுக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

பாதியில் உல்ஜான் கையைத் தூக்கினாள். "நிறுத்து. 'புதுத் தகரக் கூரை'ன்னு எழுதியிருக்க. இந்தச் சுத்துவட்டாரத்துல தகரம் போட்டது நான் மட்டும்தான். அதுக்கு என் படத்தையே ஒட்டிடலாமே!"

ஜிபாராவுக்குக் காது சூடானது. துராத்பெக்கோடு அத்தனை சண்டை போட்டவள், காட்டிக்கொடுக்கும் வரியைத் தானே எழுதியிருக்கிறாள். அந்த வரியை அடித்துவிட்டாள்.

"இரு, அவளும் கேக்கட்டும்" என்று உல்ஜான் மொஹிராவைத் தொலைபேசியில் அழைத்தாள். ஒவ்வொரு வரியும் உஸ்பெக்கில் அந்தப் பக்கம் போனது. மொஹிரா இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னாள், ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்: தண்ணீர் முறை பேசுகிறவர்களை யாரும் விசாரணைக்கு இழுக்கக் கூடாது.

குழு ஜிபாராவின் பக்கம் நின்றது. இலையுதிர் காலத்தில் அறிக்கை வெளிவந்தபோது எந்த ஊர்ப் பெயரும் அதில் இல்லை, துராத்பெக் சொன்னபடியே ஜிபாராவின் பெயரும் இல்லை. மொஹிராவின் வரி மட்டும் பரிந்துரைகளில் முதலாவதாக அச்சாகியிருந்தது. டிசம்பரோடு ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

அவள் ஒரு சிறிய கல்லூரியில் பாடம் எடுக்கப் போனாள். முதல் விடுமுறையிலேயே உல்ஜான் அழைத்தாள். "மலைக்கு அந்தப் பக்கம் எட்டாவதா ஒரு ஊர் இருக்கு. கம்பளி நூல் நூக்குற பொம்பளைங்க. உன்னைப் பத்திச் சொல்லிட்டேன், பேசுறேன்னு சொல்றாங்க. வர்றியா?"

"நாளைக்குக் காலைல முதல் வண்டி அக்கா" என்றாள் ஜிபாரா.