இழுக்க ஒரு ஆள்

சத்தியநேசன் அருமனையில் கணக்கு வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். உளி, வாள், கொட்டாப்புளி எல்லாம் சேர்ந்துவிட்டது. மரத்தை வழவழப்பாக்கும் இழைப்புளி மட்டும் இல்லை. அதைத் தேடித்தான் குழித்துறையில் ஆசாரி ஒருவரின் விதவை தாணம்மாள் வீட்டுக்குப் போனார்.

அவருக்கு அவசரமாக ஒரு கட்டில் செய்தாக வேண்டும். காரணம் மனைவி லீலாபாய். அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் சீதனமாகக் கொண்டுவந்த விளைத் தோட்டத்தில் நின்ற அயினி மரத்தை இந்த மனுஷன் வெட்டி, பலகையாக அறுத்துக் காயப்போட்டுவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலைக் கண்டால் பூரித்துப்போவாள் என்று மனக்கோட்டை! திரும்பி வந்தவள் அடிக்கட்டையைப் பார்த்தாள். அன்றோடு அவரிடம் பேச்சு நின்றது. சோறு வரும், வெந்நீர் வரும், வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண்கள் பக்கமிருந்து அவள் பாடுவது கேட்கும். அதைக் கேட்கத்தான் அவர் முதல் மணி அடித்ததுமே போய் உட்காருவார்.

தப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் கட்டில் செய்வது அதைவிட எளிது என்று வாத்தியாருக்குத் தோன்றியது.

தாணம்மாள் எடுத்து வைத்த இழைப்புளி நீளமானது. முன்பக்கம் குறுக்கே ஒரு கட்டை செருகியிருந்தது.

"இதப் பிடிச்சு ஒருத்தரு இழுக்கணும் சாரே, பின்னால நின்னு ஒருத்தரு தள்ளணும். ஆசாரி தள்ளுவாரு, நான் இழுப்பேன். ஒத்தைக்கு இது ஆவாது. வீட்டுல இழுக்க ஆளு உண்டா?"

"உண்டு" என்றார். சொல்லும்போதே முகம் சுருங்கியது. தனியாகவே சமாளித்துக்கொள்ளலாம் என்று வாங்கிவந்தார்.

எங்கே சமாளிக்க! தள்ளினால் இழைப்புளி நின்று நின்று துள்ளியது. பலகை சிலாம்பு சிலாம்பாகக் கிழிந்தது. அந்தச் சத்தம் அடுக்களை வரை போயிருக்கும். லீலாபாய் வந்து வாசலில் நின்றாள். வெட்டினதும் போதாமல் தன் மரத்தைப் பாழாக்கவும் செய்கிறாரே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. எதிரே போய்க் குறுக்குக் கட்டையைப் பிடித்தாள்.

அவர் தள்ளினார், அவள் இழுக்கவில்லை. அவள் இழுத்தாள்; அவர் தள்ளவில்லை. பலகையில் ஒரு பள்ளம் விழுந்தது.

"வாயத் தொறந்து சொன்னாத்தானே இழுக்க முடியும்? நீங்க பாட்டுக்குத் தள்ளுனா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கத்தினாள்.

சத்தியநேசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டுதான். ஆனாலும் தனக்கென்று வந்த பேச்சு அல்லவா! கையை இழைப்புளியிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"ஒன்கிட்ட கேக்காம வெட்டினது தப்பு, லீலா."

அவள் பலகையில் விழுந்த பள்ளத்தை விரலால் தடவினாள்.

"கேட்டிருந்தீங்கன்னா, வெட்டுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்."

அவர் இழைப்புளியைப் பலகையின் தலைப்புக்குக் கொண்டுவந்தார். "தள்ளட்டா?" என்று கேட்டார்.

"தள்ளுங்க" என்றாள்.